பரண் மேல் காத்திருந்த கிறிஸ்துமஸ்

பொம்மைக் கடை வேலைக்கு ஏணி ஏறத் தெரிய வேண்டும், பேட்டரி மாட்டத் தெரிய வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, முகத்தை ஒன்றுமே தெரியாதது போல வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். வில்லியனூர் கோயில் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் ஒரு கடையில் பல வருஷமாக இந்த மூன்றையும் செய்துகொண்டிருக்கிறேன்.

மூன்றாவது எதற்கு என்று கேட்பீர்கள். தீபாவளி முடிந்த மறுவாரமே எங்கள் கடையில் 'எடுத்து வைக்கிற' வியாபாரம் தொடங்கிவிடும். அப்பாவோ அம்மாவோ தனியாக வந்து ஒரு பொருளைப் பார்த்து வைப்பார்கள். கையில் இருப்பதைக் கொடுப்பார்கள். நாங்கள் அதைத் தினசரித் தாளில் சுற்றி, பெயர் எழுதிப் பரணில் ஏற்றிவிடுவோம். வாரா வாரம் முடிந்ததைக் கட்டி, பண்டிகைக்கு முதல் நாள் எடுத்துப் போவார்கள். ஒற்றை அறை வீட்டில் பிள்ளைக்குத் தெரியாமல் ஒளிக்க வேறு இடம் ஏது? நடுவில் ஒருநாள் பென்சில் வாங்கப் பிள்ளையோடு வருவார்கள். பிள்ளை அதே பொம்மையைக் காட்டி அழும். "அதெல்லாம் நமக்குக் கட்டாதுடா" என்று அம்மா அதட்டுவார். நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பிள்ளை பெற்றவர்களே, நீங்களும் இப்படி ஒரு வேஷம் கட்டியிருப்பீர்கள்தானே!

இத்தனை வருஷத்தில் பரணில் ஏறிய எந்தப் பொருளும் ஆள் வராமல் அங்கேயே தங்கியதில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிரும். ஆனால் என் பாடு வேறு. பள்ளிக்கூடம் விட்டதும் என் மகள் ஷைனி நேரே கடைக்குத்தான் வருவாள். ஊரெல்லாம் பிள்ளைக்குத் தெரியாமல் ஒளிக்கிற இடத்தில், அந்தப் பரணுக்கு நேர் கீழே உட்கார்ந்து, என் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.

விலை தெரிந்த பிள்ளை

ஷைனிக்கு எட்டு வயசு. எந்தப் பொம்மை என்ன விலை, எது பொங்கலுக்குள் உடையும் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. முதலாளிக்கே விலை மறந்துபோனால் அவளைத்தான் கேட்பார். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் விலை தெரிந்த பிள்ளை வாய் திறந்து எதையும் கேட்காது. போன கிறிஸ்துமஸுக்கு ஆசை ஆசையாக ஒரு பொம்மையைக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தாள். "காது கீறல்னு வெல கொறச்சிப் போட்டமே, அதானம்மா இது? பரவால்ல, நல்லாத்தான் இருக்குது" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். பரிசு கொடுத்த கையோடு ஆறுதலும் வாங்கிக்கொண்டவள் நானாகத்தான் இருப்பேன். இந்த வருஷம் விலையே தெரியாத ஒன்றை அவள் கையில் வைத்தே தீருவது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

அவளுக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. கோபுரத்துப் பொந்துகளில் இருக்கும் கிளிகள். சாயங்காலம் ஆனால் கடைப்படியில் நின்று கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பாள். ஒருநாள் கொக்கியில் தொங்கிய பிளாஸ்டிக் பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்தாள். அப்படியே திருப்பி மாட்டிவிட்டுச் சொன்னாள்: "இதுல பாத்தா கிளி இன்னும் தூரமாப் போவுதும்மா. இத யாருக்கும் விக்காத."

கரும்புக் குச்சி

இந்த வருஷம் தீபாவளி முடிந்ததும், மண்ணாடிப்பட்டுப் பக்கத்திலிருந்து கரும்பு வெட்டும் ஒருவர் டவுன் பஸ் பிடித்து வந்திருந்தார். கையில் சீவிய கரும்புத் துண்டு ஒன்று. கடித்துக்கொண்டே வந்தார் போல என்று நினைத்தேன். அவரோ வரிசையாக நின்ற சின்ன சைக்கிள்களுக்குப் பக்கத்தில் அதை நட்டு வைத்து, சீட்டு எந்த உயரத்தில் வருகிறது என்று பார்த்துக்கொண்டு போனார். மகள் தூங்கும்போது காலுக்குப் பக்கத்தில் வைத்து அளந்து நறுக்கிய குச்சியாம் அது. பிள்ளையைக் கூட்டி வந்து ஏற்றிப் பார்த்தால் ரகசியம் போச்சே!

சிவப்பு சைக்கிள் ஒன்று குச்சிக்குச் சரியாக வந்தது. அதை எடுத்து வைக்கச் சொன்னார். பரணில் சைக்கிள் ஏறாது என்பதால் பின்கட்டில் சாக்குப் போட்டு மூடினோம். வாசல் வரை போனவர் யோசனையோடு திரும்பி வந்தார். "ஏம்மா, குச்சி அப்படியேதான் இருக்கும். கிறிஸ்மஸ் வர்றதுக்குள்ள அவ வளந்துட்டான்னா இன்னா பண்றது? சீட்ட ஏத்திக் குடுப்பீங்கல்ல?"

நாலு லூர்துமேரி

பொட்டலத்தின் மேல் பிள்ளையின் பெயரை எழுத மாட்டோம். அந்தப் பிள்ளையே கடைக்கு வந்து அண்ணாந்து பார்த்தால் தீர்ந்தது. அதனால் அம்மாவின் பெயர்தான். இந்த ஏற்பாட்டில் ஒரு சங்கடம் உண்டு. லூர்து மாதா கோயில் இருக்கிற ஊர் இது. இங்கே கல்லை விட்டெறிந்தால் யாராவது ஒரு லூர்துமேரி வீட்டு ஓட்டில்தான் விழும். முன்பு ஒரு வருஷம் பரணில் நாலு லூர்துமேரி. கடைசி நாள் நெரிசலில், சமையல் செட்டு எடுத்து வைத்திருந்த லூர்துமேரியிடம் கிரிக்கெட் பேட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். நல்லவேளை, பேட்டுக்கு உரிய லூர்துமேரி அன்றைக்கே வந்து கேட்டதால், கடையில் இருந்த வேறொரு பேட்டைக் கொடுத்துச் சமாளித்தேன்.

பண்டிகை முடிந்ததும் சமையல் செட்டு லூர்துமேரி மகளோடு படியேறி வந்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று தயாராக நின்றேன். சமையல் செட்டை எடுத்து நீட்டினேன். அவர் அதைத் தொடவே இல்லை. மகள் தோளில் கைபோட்டுக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "அத்த உள்ள வைக்கா. எம் பொண்ணு தெருவுல ஒரு பையன உடல, எல்லாப் பந்தையும் அடிச்சிட்டா. ரப்பர் பந்து ஒன்னு குடு."

உனக்கு எது பண்டிகை?

என் வீட்டுக்காரர் கொத்தனார். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டட வேலை நின்றுபோகும். சரியாக மழை விட்டு எழுந்து பார்த்தால் எதிரே கிறிஸ்துமஸ் நிற்கும். கொத்தனார் வீட்டுப் பிள்ளைகளுக்கு இயேசு கொஞ்சம் தள்ளி, பங்குனியில் பிறந்திருக்கலாம்.

எங்கள் முதலாளி மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பம். நெற்றியில் விபூதி இல்லாமல் கல்லாவில் உட்கார மாட்டார். தீபாவளி போனஸை எல்லார் கையிலும் கொடுத்தவர் எனக்கு மட்டும் கவரை எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி டிராயரில் வைத்துப் பூட்டினார். நான் ஏதும் தப்பு செய்துவிட்டேனா என்று கேட்டதற்கு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார்: "மழையில ஒங்க வூட்ல இது தங்குமா ஸ்டெல்லா? ஒன் பண்டிகைக்கு ஒன் கையில குடுக்கறேன். அதுவரைக்கும் இதுவும் பரண்லதான்னு நெனச்சிக்க."

மாரியாத்தா வீட்டு ஸ்டார்

செல்வி அக்கா பனித்திட்டிலிருந்து மீன் கொண்டு வந்து வில்லியனூரில் விற்பவர். ஒருநாள் அன்னக்கூடையை வாசலில் இறக்கிவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து ரிமோட் கார் கேட்டார். பிறந்தநாளா என்றேன். இல்லையாம். பையன் பள்ளிக்கூடத்துக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா வந்து மிட்டாய் கொடுத்ததிலிருந்து, அவர் நம் வீட்டுக்கும் வருவார் என்று வாசலில் காகித ஸ்டார் கட்டித் தொங்கவிட்டிருக்கிறானாம்.

மழையில் படகு கடலுக்குப் போகாத வாரங்களில்கூடச் செல்வி அக்கா வந்து ஏதாவது கட்டாமல் போனதில்லை. "நீங்க இந்த வாரம் விட்டுட்டு அடுத்த வாரம் கட்டலாமேக்கா" என்று நானே ஒருமுறை சொன்னேன். அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நாங்க மாரியாத்தா கும்புடறவங்கதான். அதுக்காவ ஒங்க தாத்தா எங்க வூட்டுக்குக் கடன்லயா வருவாரு?"

பாண்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

டிசம்பர் பிறந்ததும் முதலாளி கவரைக் கொடுத்தார். கடைக்குச் சரக்கு எடுக்கப் போகிறேன் என்று ஷைனியிடம் சொல்லிவிட்டு, பூசை முடிந்த கையோடு பாண்டி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனேன். பழைய சாமான்கள் பரப்பியிருந்த ஒரு தார்ப்பாயில் அது கிடந்தது. நிஜ பைனாகுலர், கறுப்பு, கையில் எடுத்தால் கல்லு மாதிரி கனம். கண்ணில் வைத்துப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் மாடியில் காய்ந்த சட்டைக்கு எத்தனை பொத்தான் என்று தெரிந்தது. விற்பதையே வேலையாக வைத்திருக்கிற என்னிடம் விலை பேசி ஜெயிக்க முடியுமா? தோல் பட்டை அறுந்திருந்ததைக் காட்டியே பாதிக்கு இறக்கினேன்.

வீட்டில் எங்கே வைத்தாலும் அவள் கண்ணில் படும். கடையில் வைத்தால் அதற்கு முன்னாடியே படும். மறுநாள் மீன் வாங்கும்போது செல்வி அக்காவிடம் புலம்பினேன். அக்கா பைனாகுலர் இருந்த பையை வாங்கிக் கூடையின் ஓரத்தில் வைத்து மேலே இலையைப் போட்டு மூடினார். "எம் புள்ளைது ஒன் பரண்ல கெடக்குதில்ல, ஒம் புள்ளைது எங்க வூட்ல கெடக்கட்டும்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அறுந்த பட்டைக்குப் பதிலாக ஷைனியின் அப்பா சுவருக்கு மட்டம் பிடிக்கிற நூலை மூன்று புரியாக முறுக்கிப் பின்னிக் கொடுத்தார். அதையும் செல்வி அக்காவிடம் சேர்த்தேன். பொருள் பத்திரமா என்று நான் கேட்காத நாளில்லை. கடைசியில் அக்கா அலுத்துப்போய்ச் சொன்னார்: "கருவாட்டுப் பொட்டிக்குள்ள வெச்சிருக்கேன், எம் புள்ள அந்தப் பக்கமே வர மாட்டான். ஆனா எங்க வூட்டுக்காரருகிட்டேருந்துதான் புடுங்கணும். கரையில நின்னுக்கிட்டு, நடுக்கடல்ல யாரு வலையில இன்னா மீனுன்னு ஊருக்கே சொல்லிக்கிட்டு இருக்காரு."

கூடையில் வந்த பரிசு

கிறிஸ்துமஸ் காலை. பூசை முடிந்து புதுத்துணியோடு மூன்று பேரும் கடைக்குப் போனோம். எனக்கு லீவுதான், முதலாளிக்குக் கேக் கொடுக்க என்று சொல்லி ஷைனியைக் கூட்டிப் போயிருந்தேன். பரண் காலியாக இருந்தது. முந்தின நாளே எல்லாரும் எடுத்துப் போய்விட்டார்கள். சிவப்பு சைக்கிளும், சீட்டைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு, டவுன் பஸ்ஸில் ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. ஷைனி அண்ணாந்து பரணைப் பார்த்தாள். அங்கே தனக்கு ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாமல் அங்கே எதுவும் ஏறியதில்லை. முகம் வாடாமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

செல்வி அக்கா வந்து கூடையை இறக்கினார். பண்டிகை வியாபாரத்துக்கு வஞ்சிரம் நிறைய. இலைக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை உருவி, "இந்தாடி, ஒங்க தாத்தா வழி தெரியாம எங்க வூட்டுக்கு வந்துட்டாரு" என்று ஷைனியிடம் கொடுத்தார். பிரித்தாள். கருவாட்டு வாடை கடை முழுக்கப் பரவியது. நான்தான் மூக்கைப் பொத்திக்கொண்டேன், அவளுக்கு அது தெரியவே இல்லை. வழக்கம் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விலை ஒட்டுகிற இடத்தில் ஒன்றும் இல்லை. நூல் பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். பிறகு படியில் போய் நின்று கோபுரத்துப் பக்கம் தூக்கிப் பிடித்தாள். ஷைனி அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான். முதலாளிதான் கல்லாவிலிருந்து குரல் கொடுத்தார்: "இன்னா ஷைனி, கடையில எல்லாத்துக்கும் வெல சொல்லுவியே, இது இன்னா வெல இருக்கும் சொல்லு பாப்போம்."

அவள் திரும்பவே இல்லை. "தெரியல தாத்தா. ஆனா அந்தக் கிளிக்குக் கழுத்துல செவப்பா ஒரு வளையம் இருக்குது!"

ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளின் ரகசியத்தையும் பரணில் வைத்துக் காத்தவள் நான், என் பிள்ளையின் ரகசியத்தைக் காத்தது ஒரு கருவாட்டுப் பெட்டி என்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, வாடை போகப் பைனாகுலரை இன்னும் வெயிலில் வைத்திருப்பதைத் தவிர.