நகராத புள்ளி

அந்தப் பெண் விஞ்ஞானி அறை விளக்கைப் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார். கறுப்புத் துணி சுற்றிய பெட்டிக்குள் பொட்டு வெளிச்சம் நுழைந்தாலும் திரையில் ஒளித்துளிகளின் எண்ணிக்கை எகிறும். எகிறவில்லை. ஆனாலும் மூடியின் ஓரத்தில் இன்னொரு சுற்று கறுப்பு நாடாவை ஒட்டினார். "எறும்பு போற வழி போதும், வெளிச்சம் வந்துரும்."

ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பட்டப்பெயர் போலீஸம்மா. வீட்டில் பாலை முகர்ந்து பார்த்துவிட்டுக் கணவரையும் முகரச் சொல்வார். "நான் சிரிச்சாக்கூட ஏன்னு கேக்கிறவ" என்று கணவர் அலுத்துக்கொள்வார். "சரி, ஏன் சிரிச்சீங்க?" என்பார் போலீஸம்மா.

புற்றுநோய்க் கட்டியைத் தேடும் பெட் ஸ்கேன் கருவிக்குக் கண் செய்வது இவர் வேலை. நோயாளிக்கு ஏற்றிய மருந்தால் உடலிலிருந்து புறப்படும் கதிர், கருவியிலுள்ள படிகத்தில் பட்டதும் அது மினுங்கும். மினுங்கிய இடத்தைத் துல்லியமாகப் பிடித்தால் கட்டி பிடிபடும். மற்றவர்கள் படிகத்தை ஆயிரக்கணக்கான மெல்லிய குச்சிகளாக அறுப்பார்கள்; விலை அங்கேதான் ஏறும். போலீஸம்மா அறுக்காத ஒரே படிகப் பலகையை வைத்துக்கொண்டு, இடத்தைக் கணினியில் கணக்குப் போட்டுப் பிடிக்கப் பார்த்தார். சின்ன ஆஸ்பத்திரிக்கும் கட்டுப்படியாகும்.

போன மாதம், அந்தக் கணக்கை எழுதும் சக பொறியாளர் ஓடிவந்தார். "மேடம், அரை மில்லிமீட்டர்கூடப் பிசகல!" எல்லோரும் கைதட்டினார்கள். இயக்குநர் மறுநாளே அறிவித்துவிடலாம் என்றார்.

போலீஸம்மா மட்டும் தட்டவில்லை. அவருடைய அக்காவின் கட்டியை ஒரு பழைய கருவி தவறவிட்டிருந்தது. 'ஒன்றுமில்லை' என்ற அறிக்கையோடு சிரித்துக்கொண்டு வீடு திரும்பிய அக்கா, எட்டு மாதம் கழித்துப் படுக்கையில் விழுந்தார். இன்னும் சிகிச்சை முடியவில்லை. நல்ல செய்தி என்றாலே அன்றிலிருந்து இவருக்குக் கிலி.

பொறியாளர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, நோயாளிக்குப் பதிலாகப் படிகத்தின் முன் வைத்திருந்த கதிர்மூலத்தை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தி வைத்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. வந்தவர் மறுபடி அளந்தார். திரையில் புள்ளி பழைய இடத்திலேயே சட்டமாக உட்கார்ந்திருந்தது.

"ரெண்டு மில்லி தள்ளி வச்சிருக்கேன்" என்றார் போலீஸம்மா.

பொறியாளரின் முகம் தொங்கிப்போனது. "சொல்லாமலா? என் மேலயே சந்தேகமா மேடம்?"

"உங்க மேல இல்லீங்க. எந்தெந்த இடத்த வச்சுக் கணினியப் பழக்கினீங்களோ, அதே இடத்துலதானே சோதிச்சிருக்கீங்க? கேள்வித்தாள முன்னாடியே குடுத்துட்டுப் பரீட்சை வச்சிருக்கோம்."

அறிவிப்பு நின்றது. இயக்குநர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பொறியாளர் அதற்கும் மேலே. ஆனாலும் மூன்று வாரம் இருவரும் ஒரே மேசையில் முட்டி மோதி, கணினி பார்த்தே இராத இடங்களில் மட்டும் சோதித்தார்கள். பிசகு ஒன்றரை மில்லிமீட்டர் வந்தது. அக்காவைச் சோதித்த கருவிக்கு ஐந்து.

இந்த முறை பொறியாளர் கைதட்டவில்லை. போலீஸம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸம்மா எழுந்தார். கதிர்மூலத்தை நகர்த்தும் திருகைப் பொறியாளர் பக்கம் தள்ளினார்.

"இப்ப நீங்க நகர்த்துங்க. எங்கேன்னு எனக்குச் சொல்லாதீங்க, திரை சொல்லட்டும்" என்றபடி சுவர்ப்பக்கம் திரும்பி, இரண்டு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டார்.