மூடி கிடைக்காத சந்து

பூமாரி மும்பை தாராவியில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு செம்பூருக்குக் குடிபோனாள். அவள் வேலை கொசுக்களைப் பற்றிய ஆய்வு. டெங்கு பரப்பும் கொசு, வீட்டில் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. தாராவியில் குழாய்த் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரமே வருவதால் வாசலுக்கு வாசல் நீல டிரம் நிற்கும். மருந்து தோய்த்த வலைமூடியை அந்த டிரம்களுக்குப் போட்டால் கொசு எவ்வளவு குறையும் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூடி போட்ட சந்துகளையும் போடாதவற்றையும் ஒப்பிட வேண்டும். எந்தச் சந்துக்கு மூடி என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது. மற்றவர்களுக்கு ஒரு வருஷம் கழித்துத் தருவதாக ஏற்பாடு. மூடி கிடைக்காத சந்து ஒன்றில் அவளுடைய அண்ணன் பேச்சிராஜாவின் வீடு இருந்தது. குழுத் தலைவர் அஜினிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"குலுக்கல்ல விழுந்ததுதானே, இருக்கட்டும்" என்றார் அவர்.

பேச்சிராஜா பை தைக்கும் கார்கானா வைத்திருந்தான். அவன் மனைவி கீதா விடவில்லை.

"பக்கத்துச் சந்துக்காரிக்கெல்லாம் குடுத்திருக்க. எனக்கு ஒரு மூடிதானேளா கேக்கேன்."

"ஒங்களுக்குக் குடுத்தா ஆய்வு கெட்டுப்போயிரும் மைனி. டிரம்ம வாராவாரம் தேச்சுக் கழுவுங்க."

"பானி பிடிக்கவே நேரம் பத்தல. இதுல கழுவ வேற செய்யணுமாக்கும்."

மழை தொடங்கியபின் பேச்சிராஜா காய்ச்சலில் படுத்தான். டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தட்டணுக்கள் இறங்கி ஈறில் ரத்தம் கசிந்தது. பூமாரி லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தாள். கீதா கஞ்சி கொண்டுவந்து வைப்பாள், நாத்தனாரிடம் பேசமாட்டாள். ஒரு நாள் மட்டும் கேட்டாள்.

"மூடி இருந்தா இவுகளுக்கு வந்திருக்காதுல்லா?"

"தெரியாது மைனி. கார்கானால வச்சும் கடிச்சிருக்கலாம். மூடி போட்டா கொறையுமான்னுதான் பாத்துக்கிட்டிருக்கோம்."

"தெரியாதுன்னு சொல்லுததுக்கா இம்புட்டுப் படிச்ச?"

தான் சொன்னது சரி என்று பூமாரிக்குத் தெரியும். ஆனாலும் அன்று அண்ணன் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

பேச்சிராஜா தேறி வீடு திரும்பினான். அடுத்த கணக்கெடுப்பின்போது, வீடு வீடாகப் போய் டிரம்மில் கொசுப்புழு பார்க்கும் ஹாஃபிஸா போன் செய்தாள்.

"மேடம், உங்க அண்ணன் சந்துல எல்லா டிரம்லயும் வலை இருக்கு. நம்ம மூடி இல்ல."

பூமாரி நேரில் போனாள். கீதா கடையில் கொசுவலை வாங்கி, வட்டமாக வெட்டி, கார்கானா மிஷினில் எலாஸ்டிக் வைத்துத் தைத்துச் சந்து முழுக்கக் கொடுத்திருந்தாள். மருந்து கிடையாது. சில மூடிகள் இறுக்கமாக நின்றன. சில தொய்ந்து தண்ணீரில் கிடந்தன. அவற்றின் மடிப்புகளில் புழு நெளிந்தது.

"கழட்டச் சொல்லுதியா?" என்றாள் கீதா.

"அதச் சொல்ல நான் யாரு. இழுத்துக் கட்டுங்க மைனி. தண்ணியத் தொட்டா வலைலயே முட்ட போடும்."

சொன்ன பிறகுதான், ஆய்வில் தானும் கை வைத்துவிட்டது அவளுக்கு உறைத்தது.

"இந்தச் சந்த மட்டும் கணக்குலருந்து எடுத்துடலாமே மேடம்" என்றாள் ஹாஃபிஸா.

பூமாரி ஒப்பவில்லை. குலுக்கலில் மூடி கிடைக்காத சந்தாகவே அதை வைத்துக்கொண்டு, மதினி செய்ததையும் தான் சொன்னதையும் அறிக்கையில் எழுதினாள். அஜின் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்; எதையும் வெட்டவில்லை. முடிவில், மருந்து மூடி போட்ட சந்துகளில் புழு குறைந்திருந்தது, எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. காய்ச்சல் குறைந்ததா என்று சொல்ல முடியவில்லை. பெரிய ஆய்வுப் பத்திரிகைகள் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. சிறியது ஒன்று போட்டது.

வருஷம் முடிந்து மற்ற சந்துகளுக்கும் மூடி போனது. அதற்குள் கீதா தைத்த வலைமூடிகளுக்குக் கோவண்டியிலிருந்தும் தேவ்நாரிலிருந்தும் ஆர்டர் வரத் தொடங்கியிருந்தது. அவை கொசுவைத் தடுக்குமா என்று வாங்குபவர்கள் பூமாரியிடம் கேட்டால், "ஒரு சந்த வச்சுச் சொல்ல முடியாது" என்பாள்.

அவளுடைய அடுத்த ஆய்வு அதைப் பற்றித்தான்: கோவண்டியில், மருந்தில்லாத வலைமூடிகள். அவற்றை மதினியிடம் வாங்கினால் சரியாக இருக்காது என்று முலுண்டில் வேறொரு தையல்காரரிடம் தைக்கக் கொடுத்தாள். விஷயம் தெரிந்ததும் கீதா மறுபடி கொஞ்ச நாள் அவளோடு பேசவில்லை.