ஒரு கல்வெட்டு மிச்சம்

நோர்வேயில், ட்வெய்ட்டாவில், தம்பியின் வீட்டுச் சாமான்களை ஒதுக்கப் போன அன்று, அம்மாவின் கையில் ஒரு பிஸ்கற் பேணி அகப்பட்டது. உள்ளே பதினொரு படங்கள். எடுத்தவுடன் கமராவின் வாயிலிருந்தே வெளியே வருமே, அந்தச் சிறிய படங்கள். பதினொன்றிலும் தம்பி நின்றான். பதினொன்றிலும் அவனுக்குப் பக்கத்தில் ஒரே ஜப்பானியப் பெண். அவள் ஒரு கையை வளைத்துப் பாதி இதயம் காட்ட, தம்பி மற்றப் பாதியைக் காட்டிக்கொண்டிருந்தான். வெள்ளை ஓரத்தில் ஊதா மையில் அவளுடைய கையெழுத்து, சுற்றிவரப் பூக்கள்.

அம்மா கட்டில் விளிம்பில் இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தார்.

“இந்தப் பிள்ளைக்கு ஆர் சொன்னது?”

“என்னத்தை அம்மா?”

“தம்பி மோசம் போனதை. இந்தப் பிள்ளைக்கு ஆர் சொன்னது எண்டு கேக்கிறன்.”

நான் அலுமாரியில் இருந்த அவனுடைய சேட்டுகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மைதான். தம்பிக்கு ஜப்பானியக் கார்ட்டூன்கள் பிடிக்கும், மூன்று தரம் விடுமுறைக்கு அங்கே போயிருக்கிறான், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நானும் அம்மாவும் இருக்கும் புருசெத்துக்கும் அவன் இருந்த ட்வெய்ட்டாவுக்கும் இடையில் ரயிலில் நாலு நிறுத்தம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சாப்பிட வருவான். மெல்லிய குரலில் நாலு வார்த்தை பேசுவான், கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போவான்.

அவன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் போகும் வழியில், ரயில் மேடையில் விழுந்தான். வயது முப்பத்து மூன்று. இதயம் என்றார்கள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு சாவை யார் யாருக்குச் சொன்னோம், யாரை விட்டோம் என்பது பெரிய விஷயம். ஒருவரை விட்டுவிட்டால், பத்து வருடம் கழித்தும் ஏதாவது கலியாண வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அப்பா இல்லை. அம்மாவால் முடியவில்லை. ஆகவே இரண்டு நாள் நான் தொலைபேசியோடு இருந்தேன். ரொறொன்ரோ, லண்டன், பாரிஸ், கொக்குவில். “தம்பி மோசம் போட்டான்” என்பேன்; செத்தான் என்று நேரே சொல்வதில்லை. அந்தப் பக்கம் குழறி அழுவார்கள். குழறி முடியும்வரை காத்திருந்து, செத்தவீடு எப்போது என்று சொல்லிவிட்டு அடுத்த இலக்கத்தை அழுத்துவேன். நாற்பதாவது அழைப்பில் எனக்குப் பசித்தது. எழும்பிப் போய்ப் பாண் சாப்பிட்டுவிட்டு வந்து தொடர்ந்தேன்.

நான் அழவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. பல் பிடுங்கப் போடும் ஊசியின் விறைப்பு விடாமலே இருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுப்பது என் வேலை. இரண்டாம் கிழமையே வேலைக்குப் போனேன். ஒருவருடைய நரம்பும் எனக்குத் தப்பவில்லை.

முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடித்தோம். கல்லில் அல்ல, கடதாசியில்தான்; செத்தவரின் படமும் தேவாரங்களும் வாழ்க்கைக் குறிப்பும் போட்டு, அந்தியேட்டிச் சடங்குக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் புத்தகம். தம்பியின் வாழ்க்கைக் குறிப்பை நான்தான் எழுதினேன். வேலையிடத்துச் சாப்பாட்டு இடைவேளையில், இரண்டு பந்தி. பிறந்த இடம், படித்த இடம், கணினி வேலை, ‘அமைதியான சுபாவம் கொண்டவர்.’ எழுதி முடித்தபோது தேத்தண்ணி ஆறவில்லை.

கல்வெட்டுகளில் ஒன்று மிஞ்சியிருந்தது. அம்மா அதை ஒரு துணியில் சுற்றிச் சாமிப் படத்தடியில் வைத்தார். “அந்தப் பிள்ளைக்கு” என்றார். “நேரை கண்டு குடுக்கவேணும். ஃபோனிலை சொல்லுற விசயமே இது? ஆர் எவர் எண்டு விசாரி.”

விசாரிக்க ஒரே ஒரு துண்டுக் கடதாசிதான் இருந்தது. தம்பி அதைத் தன் குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்தான். சில சனிக்கிழமைத் திகதிகளும் குரோன்லாண்டில் உள்ள ஒரு விளையாட்டுக் கஃபேயின் முகவரியும். அடுத்த சனிக்கிழமை போனேன். ஆர்வத்தினால் இல்லை. போகாவிட்டால் அம்மா விடமாட்டார்.

கஃபேயின் நிலவறையில் ஏழு பேர் இருந்தார்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க, தாடி வைத்த டிராம் ஓட்டுநர் ஒருவர். தலைமயிருக்கு ஊதா அடித்த பாலர் பாடசாலை ஆசிரியை ஒருத்தி. மற்றவர்கள் இளசுகள். சுவரில் பெரிய திரை. அங்கே டோக்கியோவில் மாலை, இங்கே காலை பதினொரு மணி. நிகழ்ச்சி நேரடியாக ஓடப்போகிறது என்றார்கள். தம்பியின் அக்கா என்று சொன்னதும் எல்லோரும் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்கள். எனக்கு அது சங்கடமாக இருந்தது.

டிராம்காரர்தான் விளக்கினார். ஐந்து பெண்கள் சேர்ந்து பாடி ஆடும் குழு. ஜப்பானிலேயே அதிகம் பேருக்குத் தெரியாது; இந்த நிலவறை அளவு மண்டபங்களில்தான் பாடுகிறார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறம். ஐவரில் ஒருத்தியை நீ உன் ஆளாகத் தெரிவுசெய்வாய், அவள் உன் ‘ஒஷி’. அவள் முன்னேறவேண்டும் என்று அவளுடைய நிறத்தில் விளக்குக் குச்சியைப் பிடித்து அவள் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவாய். நிகழ்ச்சி முடிந்த பிறகு ரிக்கற் வாங்கி வரிசையில் நின்றால் அவளோடு ஒரு படம் எடுக்கலாம். அதற்குப் பெயர் ‘செக்கி’. ஒரு நிமிடம். கையெழுத்துப் போட்டுத் தருவாள்.

“எல்லோரோடும் இப்படித்தான் கையை வளைப்பாளா?” என்று, கொண்டுபோன தம்பியின் படத்தில் பாதி இதயத்தைக் காட்டிக் கேட்டேன்.

அவர் பணப்பையிலிருந்து தன்னுடைய படத்தை எடுத்துத் தந்தார். அதே பெண், அதே பாதி இதயம், அதே ஊதா மை. மற்றப் பாதியில் தாடி.

சிரிப்பு வரவேண்டிய இடம். அழுகை வந்தாலும் பிழையில்லை. எனக்கு இரண்டும் வரவில்லை. படத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

“உன் தம்பிக்கு என்ன நடந்தது?” என்றார் அவர். “ஐந்து கிழமையாக ஒரு பதிலும் இல்லை. எத்தனை செய்தி அனுப்பினோம்.”

தம்பியின் கைத்தொலைபேசி அணைந்துபோய் என் மேசை லாச்சிக்குள் கிடந்தது. நான் வாயைத் திறந்தேன். நாற்பதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சொன்ன அதே செய்திதான். ஏழு முகங்களும் என்னையே பார்த்தன.

“சுகமில்லை” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? களைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஏழு பேர் குழறி முடியும்வரை காத்திருக்கும் தெம்பு எனக்கு இருக்கவில்லை.

நிகழ்ச்சி தொடங்கியது. முதலில் மேளம் மட்டும் நாலு அடி. அந்த நாலு அடிக்கும் ஏழு பேரும் முன்வரிசையில் இருந்த ஒரு வெறும் கதிரையைப் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஆளுக்கொரு பக்கமாகக் கூப்பிடத் தொடங்கினார்கள், ஒன்றோடொன்று சேராமல். இவர்கள் வழக்கமே இதுவாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளிக்கிடும்போது தம்பி அங்கே விட்டு வைத்திருந்த விளக்குக் குச்சியைத் தந்தார்கள். கூடவே, ஏழு பேரும் கையெழுத்திட்ட ஒரு வாழ்த்து மட்டை. நான் மேலே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் வாங்கி எழுதியிருக்கிறார்கள்.

அம்மாவிடமும் பொய்தான் சொன்னேன். “அந்தப் பிள்ளை யப்பானிலை அம்மா. விலாசம் ஒருத்தருக்கும் தெரியாதாம்.”

“தெரியாதெண்டு விடுறதே? தேடு.”

பத்து நாளுக்குப் பிறகு, வீட்டுத் திறப்பைத் தேடி என் கைப்பையைக் கிண்டிய அம்மாவின் கையில் அந்த மட்டை வந்தது. அம்மா இருபது வருடம் முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர். நோர்வேஜிய மொழியில் வேறு எது வாசிக்கத் தெரியாவிட்டாலும், ‘விரைவில் சுகமாகு’ என்பதை வாசிக்கத் தெரியும். கட்டில் தலைமாடுகளில் அதைத்தான் தினமும் துடைத்து வைத்திருக்கிறார்.

“இது ஆருக்கு?”

நான் சொன்னேன். நிலவறையை, ஏழு பேரை, நான் சொன்ன பொய்யை. படத்தின் கதையை மட்டும் சொல்லவில்லை.

அம்மா மட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். “செத்த பிள்ளையைச் சுகமாகு எண்டு எழுதி வைச்சிருக்கினம். நீயும் கொண்டு திரியிறாய்.”

“எனக்குச் சொல்ல ஏலாமல் போச்சு அம்மா.”

“சனிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போ.”

அந்தச் சனிக்கிழமை அம்மா வெள்ளைச் சேலை உடுத்து, மேலே குளிர் அங்கி போட்டு, துணியில் சுற்றிய கல்வெட்டை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் இருந்தார். ட்வெய்ட்டா நிறுத்தம் வந்தபோது நாங்கள் இருவரும் மற்றப் பக்கத்து யன்னலைப் பார்த்தோம். கஃபேக்குப் போய் ஒருத்தருக்கும் சொல்லாமல் இருந்துவிட்டு வர ஏதாவது வழி இருக்கிறதா என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அம்மா நிலவறைப் படியிறங்கி, நடுவில் போய் நின்றார். கைகளைக் கூப்பினார். தன்னுடைய உடைந்த நோர்வேஜிய மொழியில், “நான் அவன்ரை அம்மா” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “சொல்லு பிள்ளை” என்றார்.

சொன்னேன். இந்த மொழியில் ‘மோசம் போட்டான்’ இல்லை. செத்துவிட்டான் என்றுதான் சொல்லவேண்டும். சொன்னேன்.

ஒருவரும் குழறவில்லை. ஊதாத் தலைமயிர்க்காரி அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். டிராம்காரர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் பணப்பையைத் திறந்து தன் செக்கியை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். தம்பி எங்கள் ஆள்தான் என்று காட்ட அவருக்கு அது ஒன்றுதான் இருந்தது. தடுக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

அம்மா அதை வாங்கிப் பார்த்தார். கைப்பையிலிருந்து, பேணிக்குள் கிடந்த தம்பியின் படம் ஒன்றை எடுத்து அதற்குப் பக்கத்தில் பிடித்தார்.

“அப்ப இந்தப் பிள்ளைக்கு எங்கடை தம்பியைத் தெரியாது.”

“தெரியாது அம்மா. ஒரு நிமிசந்தான்.”

“இவைக்குத் தெரியும்.”

“ஓம்.”

“அப்ப இவைக்கல்லோ முதல் சொல்லியிருக்கவேணும்.”

அம்மா துணியை அவிழ்த்து, அந்தக் கடைசிக் கல்வெட்டை டிராம்காரரின் இரண்டு கையிலும் வைத்தார். ஏழு பேரும் கூடி நின்று தம்பியின் படத்தைப் பார்த்தார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று டிராம்காரர் கேட்டார். வாழ்க்கைக் குறிப்பை மொழிபெயர்த்துச் சொன்னேன். இரண்டு பந்தி முடிய ஒரு நிமிடம் ஆகவில்லை.

“அமைதியான சுபாவமா?” என்றார் அவர். “எங்கள் எல்லோரிலும் அவன் குரல்தான் பெரிது. மேளம் நாலு அடி அடித்ததும் அவன்தான் முதலில் கூப்பிடுவான். அதைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் தொடங்குவோம். அது இதில் இல்லையா?”

“இல்லை” என்றேன். “எனக்குத் தெரியாது.”

“என்னவாம்?” என்றார் அம்மா.

“தம்பிதான் இஞ்சை எல்லாரையும் விடச் சத்தமாக் கூப்பிடுவானாம்.”

“அவனோ?” என்ற அம்மாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துபோனது. “எங்கடை அவனோ?”

திரையில் நிகழ்ச்சி தொடங்கியது. நிற்பாட்டட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று அம்மா கையைக் காட்டினார். முன்வரிசைக் கதிரையில் அம்மாவை இருத்தினார்கள். கையில் நான் திருப்பிக் கொண்டுவந்த தம்பியின் விளக்குக் குச்சி, ஊதா வெளிச்சத்தோடு. எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் அம்மா அதை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்திருந்தார்.

மேளம் அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஒருவரும் கூப்பிடவில்லை.

என் தம்பி பெரிய குரலில் கூப்பிடும் இடம் அது. முப்பத்து மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட நான் அதைக் கேட்டதில்லை. நான் அழத் தொடங்கினேன். அவன் செத்து அன்றைக்கு ஐம்பத்து நாலாம் நாள்.