முனியப்பனுக்கு நேர்ந்த பன்றி

கிளியூருக்கு மேலே இருந்த காபி எஸ்டேட்டில் மற்றப் பெண்கள் மழையில் நனைந்து பழம் பறிக்க, அருக்காணி மட்டும் துரை பங்களாவில் பன்றி வளர்த்தாள். துரைசாணி கப்பலில் வரவழைத்த குட்டைப் பன்றிகள். நாய்க்குட்டி மாதிரி சோபாவில் ஏறிப் படுத்துக்கொள்ளும். கூலிக்காரக் குடும்பம் ஒன்று லைன் வீட்டில் முடங்கிக் கிடந்த இடத்தைவிட அவற்றின் கொட்டகை பெரிது. இதைச் சொல்லும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது. பன்றிகள் மேல் தப்பில்லை, அது வேறு விஷயம்.

துரைசாணிக்கு அவை குட்டையாகவே இருக்க வேண்டும். ஆகச் சிறிய ஆணை ஆகச் சிறிய பெட்டையோடு சேர்த்துத்தான் குட்டி எடுப்பாள். அவள் முழங்காலைத் தாண்டி வளர்ந்தது எதுவானாலும் சமையலறைக்குப் போய்விடும்.

அருக்காணி புருஷனைப் பறிகொடுத்தவள், பிள்ளையும் இல்லை. வளர்ந்த பன்றிகள் பலவற்றைத் தன் கையாலேயே சமையற்காரனிடம் பிடித்துக் கொடுத்திருக்கிறாள், கலங்கியதில்லை. ஒன்றிடம் மட்டும் வசமாக மாட்டிக்கொண்டாள். தாய் ஒதுக்கிவிட்ட குட்டி அது. பாலில் துணியை நனைத்து ஊட்டி, மடியில் போட்டு வளர்த்தாள். கண்ணு என்றுதான் கூப்பிடுவாள். பாழாய்ப்போன கண்ணு கிடுகிடுவென வளர்ந்தது. தீனியைக் குறைத்துப் பார்த்தாள். அது பசியில் கத்தியதும் மனசு கேட்காமல் தன் கூழையும் ஊற்றினாள்.

கிறிஸ்துமஸ் நெருங்கியபோது துரைசாணி அதைத் தன் காலருகே நிறுத்திப் பார்த்தாள். பிறகு சமையற்காரனுக்குச் சொல்லி அனுப்பினாள். அவன் கயிற்றோடு வந்தபோது, அருக்காணி அதன் கழுத்தில் மஞ்சள் துணியைக் கட்டிவிட்டு முன்னால் நின்றாள்.

"இது முனியப்பனுக்கு நேர்ந்து உட்டதுங்க. தொட்டீங்கன்னா எஸ்டேட்டுக்கே ஆகாதுங்க."

அவசரத்தில் வாயில் வந்த பொய். ஆனால் சாமிக்கு நேர்ந்ததை வேறு யாரும் தொடமாட்டார்கள். சமையற்காரன் பின்வாங்கினான். தொட்டால் ஆட்கள் மலையிறங்கிவிடுவார்கள் என்று மேஸ்திரி சென்றாயன் துரையின் காதில் போட்டான். துரை வேறு பன்றியை வெட்டச் சொன்னார்.

கண்ணு லைனுக்கு வந்து அவள் வாசலில் படுத்துக் கிடந்தது. அந்த மாதங்களில்தான் அவள் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்ததாகச் சொல்வார்கள். நேர்ந்ததைச் செலுத்தியாக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லையா, நினைக்கப் பயந்தாளா, எனக்குத் தெரியாது.

ஆடி பிறந்தது. லைனில் குழந்தைகள் காய்ச்சலில் படுத்தன. முனியப்பனுக்குச் சேர வேண்டியதை இவள் வைத்துக்கொண்டிருப்பதால்தான் என்று பேச்சுக் கிளம்பியது. அருக்காணி சென்றாயனிடம் ஓடினாள். தான் நேரவே இல்லை, சொன்னது பொய் என்று அழுதாள்.

"சாமி பேரச் சொல்லி மஞ்சத்துணி கட்டிப்போட்ட. இனி அது உம்படது இல்ல," என்றான் அவன்.

கோயிலில் பூசாரி கண்ணுவின் தலையில் மஞ்சள் நீர் ஊற்றினார். அது உடம்பை உலுக்கினால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம், உலுக்கும்வரை வெட்டமாட்டார்கள். கூட்டத்தைப் பார்த்த பயத்தில் அது விறைத்து நின்றது. மறுபடி ஊற்றினார், அசையவில்லை. இப்படியே நின்றுவிடு கண்ணு என்று அருக்காணி மனசுக்குள் கெஞ்சினாள். உலுக்காவிட்டால் உயிரோடு கூட்டிக்கொண்டு போய்விடலாம்.

நேர்ந்தவளே ஊற்றட்டும் என்றார் பூசாரி. சொம்பை அவள் கையில் திணித்தார்கள். ஊற்றினாள். அவள் கை பட்டதும் கண்ணுவுக்குப் பயம் போய்விட்டது. அவள் முழங்காலில் மூக்கைத் தேய்த்துவிட்டு, உடம்பெல்லாம் சிலிர்க்க உலுக்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். கொடுத்து வைத்தவள் என்று அவளிடமே வந்து சொன்னார்கள்.

அடுத்த வருஷ மழையில் அருக்காணிக்கு மார்ச்சளி கண்டது. முனியப்பனுக்கு ஒரு சேவல் நேர்ந்துகொள்ளச் சொல்லிப் பக்கத்து வீட்டு முத்தாயி மன்றாடினாள்.

"வேண்டாமுங்கக்கா," என்றாள் அருக்காணி. "அவருக்கு வேணுமின்னா என்னையே எடுத்துக்கட்டும்."

அந்த மழைக்காலத்தை அவள் தாண்டவில்லை.