நாலு பக்கமும் திறந்த கொட்டில்

1968ஆம் ஆண்டு, ஐப்பசி மாதக் கடைசி. எனக்குக் கலியாணமாகி ஒன்றரை வருடம். எங்கள் யாழ்ப்பாணத்துப் பக்கத்து வழக்கப்படி மனைவியின் சீதன வீட்டுக்கே நான் குடிவந்திருந்தேன். கொக்குவிலில், ரயில் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில், வீடும் கிணறும் வேலியுமாக அந்த வளவு. வீட்டில் மூன்றே பேர்: நான், மனைவி, அவளுடைய தகப்பனார். மாமி காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும். விளங்கும்போது நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபமில்லை.

மாமா தீட்சை பெற்ற சுத்த சைவர். ஒரு முட்டைக் கோதுகூட வளவுக்குள் கிடக்கக்கூடாது. நானோ தென்மராட்சியில் மீனும் இறைச்சியும் தின்று வளர்ந்தவன். கலியாணம் பேசும்போதே அவருக்கு இது தெரியும். என்ன செய்வது, உத்தியோக மாப்பிள்ளையாயிற்றே! கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். அடுப்படிக்குள் மீன் வரக்கூடாது. வெள்ளிக்கிழமை, விரத நாட்களில் அந்தக் கதையே இல்லை. மற்ற நாட்களில் கிணற்றடிக்கு அப்பால், பின்வேலிப் பக்கம் வைத்து நான் என்னவும் செய்யலாம், அவர் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார்.

என்னோடு படித்த சிநேகிதன் ஒருவன் மயிலிட்டிக்காரன். கடற்தொழில் செய்கிற குடும்பம். மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் காங்கேசன்துறையில் ரயிலேறி, பனையோலை உமல் நிறைய மீனோடு வந்து இறங்குவான். அடுப்படி இல்லாத எனக்குச் சுட்டுத் தின்னும் வித்தையைக் காட்டித் தந்தவன் அவன்தான். பழைய காரின் சில்லு ரிம் ஒன்றைத் தேடிப்பிடித்து, மூன்று கல்லில் ஏற்றி, மேலே கம்பிவலை போட்டோம். எரிப்பதற்குத் தேங்காய்ச் சிரட்டைக்கரி.

சும்மா சுடுகிறதுதானே என்று நான் நினைத்தேன். அவசரத்துக்கு மண்ணெண்ணெய் ஊற்றி நெருப்பு வைத்து, ஒரு பக்கப் புருவத்தைப் பறிகொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒரு கிழமையாகக் கரும்பலகையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார்கள். அதற்குப் பிறகே அவன் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டேன். கரியை நடுவில் குவித்து, தேங்காய்த் தும்பு வைத்து மூட்ட வேண்டும். கறுப்பு மாறி மேலே சாம்பல் பூக்கும்வரை மீனைக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது. பிறகு தணலை ஒரு பக்கம் ஒதுக்கி மறுபக்கத்தை வெறுமையாக விட வேண்டும், கருகப் பார்க்கிற மீனை இழுத்து வைக்க இடம் வேண்டுமே! கம்பிக்கு எண்ணெய் பூச வேண்டும், மீன் தானாகக் கம்பியை விடும்வரை பிரட்டக் கூடாது. ஓலைக் கிடுகு வேலியிலிருந்து நன்றாகத் தள்ளி வைக்க வேண்டும், பக்கத்தில் ஒரு வாளி மண் இருக்க வேண்டும்.

“மச்சான், அவசரப்பட்டியெண்டால் வெளியிலை கரி, உள்ளுக்கை பச்சை” என்பான்.

மனைவிக்கு மீன் பழக்கிவிட்டதும் நான்தான். முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்ட நின்றவள், ஒருநாள் ஒரு துண்டு விளைமீனைத் தேசிக்காய்ப் புளியோடு வாயில் வைத்தாள். அவ்வளவுதான். நான் சொல்கிற அந்த ஐப்பசியில் அவளுக்கு நாலு மாதம். ஞாயிறு எப்போது வரும் என்று என்னைவிட அவள்தான் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். “என்னைக் கெடுத்தது நீங்கள்தான்” என்று சொல்லிக்கொண்டே முள் எடுப்பாள்.

அந்த ஞாயிறு சிநேகிதன் காலையிலேயே மீனைத் தந்துவிட்டு, அலுவலிருக்கிறது என்று அடுத்த ரயிலில் யாழ்ப்பாணம் போய்விட்டான். மத்தியானம் தணல் பதமாக வந்து, மீனை வைக்கப்போகிற நேரம் பார்த்து மழை பிடித்தது. காற்றும் சேர்ந்துகொண்டது.

வளவின் மூலையில் ஒரு புகைக்குடில் இருந்தது. மாமா புகையிலைத் தோட்டக்காரர். வெட்டிய புகையிலையை உள்ளே தூக்கிக் கட்டி, கீழே தேங்காய்ப் பொச்சு மூட்டி, கதவைச் சாத்திப் புகை போடுகிற மண் குடில் அது. கெட்டிச் சுவர், குனிந்து நுழைய ஒரு வாசல், ஜன்னல் கிடையாது. அந்த மாதத்தில் சும்மாதான் கிடந்தது. எனக்கு மூளை படுவேகமாக வேலை செய்தது. புகை போடவென்றே கட்டின இடத்தில் மீன் சுட்டால் என்ன குறைந்துவிடும்? அதுவும் என்னுடையது பதமான தணல், புகையே இல்லை. இதைவிடப் பாதுகாப்பான இடம் ஏது?

ரிம்மைச் சாக்கால் பிடித்து உள்ளே கொண்டுபோனேன். மனைவி மீன் தட்டோடு குடை பிடித்து வந்து, குடையை வாசலில் சுவரோடு சாத்திவிட்டு உள்ளே நுழைந்தாள். காற்று நேரே வீட்டுப் பக்கம் அடித்தது.

“இஞ்சேருங்கோ, கதவைச் சாத்துங்கோ. ஐயா சாமியறைக்குள்ளை தேவாரம் படிக்கிறார், மணம் போகப்போகுது” என்றாள்.

சாத்தினேன். தகப்பனின் தேவாரத்துக்குள் மீன் மணம் போகக்கூடாதென்ற அந்த மரியாதைதான் எங்களைக் கொல்லப் பார்த்தது.

உண்மையைச் சொன்னால், முதல் சில நிமிடங்கள் நன்றாகத்தான் இருந்தன. வெளியே மழைச் சத்தம், உள்ளே தணல் வெளிச்சம். பிறக்கப்போகும் பிள்ளை ஐயாவைப்போலச் சைவமா, என்னைப்போல மீன்பூனையா என்று இரண்டு பேரும் வழக்காடிக்கொண்டிருந்தோம். அப்போது தலையிடிக்கிறது என்றாள். பிள்ளைத்தாய்ச்சிக்குத் தலையிடி வராமல் இருக்குமா என்று நானே முடிவு கட்டி, இன்னும் ஒரு பக்கம்தான், பொறு என்றேன். அவள் சுவரோடு சாய்ந்து இருந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து பேச்சில்லை. மீனைப் பிரட்ட எழும்பினேன். முழங்கால் சொன்னபடி கேட்கவில்லை. பயம் வந்திருந்தாலாவது கத்தியிருப்பேன். அதுகூட வரவில்லை. நித்திரை வருகிறது, படுத்தால் நல்லது என்று மட்டும் தோன்றியது.

அடுத்து நினைவிருப்பது முகத்தில் விழுந்த மழை. சேற்றில் மல்லாந்து கிடந்தேன். பக்கத்தில் மனைவி, தகப்பனின் மடியில் தலை வைத்தபடி.

“பிள்ளை, கண்ணைத் திற. ஐயா வந்திட்டன். கண்ணைத் திற பிள்ளை.”

மாமா அழுதுகொண்டிருந்தார். அவள் கண் திறந்து இருமத் தொடங்கிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

தேவாரம் முடித்து வெளியே வந்தவர், மழையில் நனைகிற குடையையும் சாத்திய கதவையும் கண்டிருக்கிறார். புகையிலைக்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. குடிலுக்குள் நெருப்பிருந்தால் ஆள் வெளியே நிற்க வேண்டும். ஆள் உள்ளே போவதென்றால் கதவைத் திறந்து நன்றாக ஆறவிட்ட பிறகுதான். ஓடிவந்து கதவைத் தள்ளி, மகளை இழுத்து வெளியே போட்டுவிட்டு, எனக்காகத் திரும்பவும் உள்ளே போயிருக்கிறார். நான் விழுந்ததில் ரிம் சரிந்து தணல் நிலமெல்லாம் கொட்டிக் கிடந்தது. வெறுங்காலால் அதை மிதித்துக்கொண்டுதான் என்னைத் தூக்கினார். என் சட்டையில் ஒட்டியிருந்த மீன் சதை, அவருடைய மார்பில், திருநீற்றுக் குறியின் மேல் அப்பியிருந்தது.

பக்கத்து வீட்டுக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்குத்தர் எனக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினார். காபனோரொட்சைட்டு, நிறமில்லை, மணமில்லை, மூடிய இடத்தில் கரி எரிந்தால் வரும் நச்சு வாயு என்றார். தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். போன தவணைதான் இதையே பிள்ளைகளுக்குப் படிப்பித்திருந்தேன். தாய் தப்பிவிட்டாள் என்றார். “வயித்திலை இருக்கிறதைப் பற்றி இப்ப ஒண்டும் சொல்லேலாது. பொறுத்துப் பாப்பம்.”

அதன் பிறகு வந்த நாட்களில் மனைவி வயிற்றில் கை வைத்தபடியே நடமாடினாள். மாமா காலில் கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டினார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த சிநேகிதன் தலையிலடித்துக்கொண்டான். “அவ்வளவும் சொன்னன், உதொண்டைச் சொல்ல மறந்துபோனன் மச்சான். நாங்கள் கடற்கரையிலை சுடுறனாங்கள். அங்கை ஏது சுவர், ஏது கதவு?”

மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு காலை, மனைவி என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே ஒரு சின்ன உதை. இரண்டு பேரும் அழுதோம். மாமாவிடம் சொல்லப் பின்பக்கம் ஓடினேன். கிணற்றடிக்கு அப்பால், கட்டுப்போட்ட காலோடு, அலவாங்கால் நிலத்தில் குழி கிண்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். அலவாங்கைச் சாத்திவிட்டு, கண்ணை மூடிக் கைகூப்பினார். பிறகு மறுபடி கிண்டத் தொடங்கினார். தூணுக்கு நாலு பனங்கப்பும், மேலே போடத் தகரமும் பக்கத்தில் கிடந்தன.

மீன் சுடவென்று கொட்டில் போடுகிறார் என்று விளங்கியதும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இனி மீன் வேண்டாம் மாமா, நான் விட்டுவிட்டேன் என்றேன்.

“அவளுக்கு ஆசையெல்லே” என்றார். “தம்பி, நீங்கள் சொல்லிக் கேக்கிற ஆளில்லை. மழை வந்தால் திரும்பவும் எங்கையேன் உள்ளுக்கை பூருவியள். இதுக்கு நான் சுவரும் வைக்கமாட்டன், கதவும் வைக்கமாட்டன்.”

அடுத்த ஞாயிறு அந்தக் கொட்டிலில் மீன் சுட்டோம். அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்காத மனிதர், காற்று வருகிற பக்கமாகச் சாய்மனைக் கதிரையைப் போட்டு, சால்வையால் மூக்கைப் பொத்தி, மண் வாளியைக் காலடியில் வைத்துக்கொண்டு, தணல் முழுதாக அணையும்வரை இருந்தார். அதற்குப் பிறகு மீன் சுட்ட ஒரு ஞாயிறும் அவர் தவறவில்லை. சித்திரையில் மகள் பிறந்தாள், ஒரு குறையுமில்லாமல். அவள் நடக்கத் தொடங்கியதும் மீன் துண்டோடு நேரே தாத்தாவின் மடிக்குத்தான் ஓடுவாள். அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, பிள்ளையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

இன்றைக்கும் எங்கே தணலைக் கண்டாலும் முதலில் காற்று வருகிற வழியைப் பார்க்கிறேன். அடுத்ததாக என் கண், மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களுக்குக் காவலிருந்தவரின் அந்தக் கதிரையைத் தேடுகிறது.