பழைய கோயிலின் குட்டைச்சுவர்

சாக்கு வாடை, மண்ணெண்ணெய் வாடை, இரண்டுக்கும் அடியில் பழைய மெழுகுத்திரி வாடை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஊர் ரேஷன் கடைக்குள் நுழைந்தால் மூக்கில் ஏறியது இதுதான். கடை பழைய கோயிலுக்குள் இருந்தது. கோயில் என்றால் மாதா கோயில். எங்கள் ஊர் வரதராஜன்பேட்டைக்குப் பக்கம். ரோட்டோரம் புதுக்கோயில் கட்டியதும், பழசைப் பங்குச் சாமியார் ரேஷன் கடைக்கு விட்டுவிட்டார்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். சித்தாளாகப் போய், பிறகு கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆனவள். அதனால் கட்டடத்தைப் பற்றிச் சொல்லத் தெரியும். சுவர் இரண்டு முழ அகலம். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல். அதில் சங்கும் கிளிஞ்சலும் கல்லோடு கல்லாகப் பதிந்திருக்கும், "நத்தைக்கல்" என்போம். கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்புப் பூச்சு, இன்றைக்கும் நகம் இறங்காது. ஜன்னல் தலைப்பெல்லாம் வளைவு. மேலே தேக்கு உத்திரம், அதன்மேல் செங்கலைக் குத்துவாட்டில் அடுக்கிய தளம். கட்டினவன் கைகாரன்.

ஆனால் நடுவில், வாசற்பக்கம் தொடங்கிப் பீடம் வரைக்கும், என் தலை உயரத்துக்கு ஒரு சுவர் ஓடியது. "குட்டைச்சுவர்." மேலத்தெருக்காரர்கள் "பெரிய வாசல்" வழியாக வந்து தெற்கே உட்கார்ந்தார்கள். கீழத்தெருவான நாங்கள் "சின்ன வாசல்" வழியாகக் குனிந்து வந்து வடக்கே உட்கார்ந்தோம். புதுக்கோயிலில் சுவர் கூடாது என்று மேலிடத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பழசில் இருந்ததை யாரும் தொடவில்லை. ஆக, சாமி கும்பிட ஒரே வாசல், சர்க்கரை வாங்க இரண்டு வாசல் என்று ஆனது.

கடைக்காரர் சிறுவாச்சூர்ப் பக்கத்து ஆள். பீடம் இருந்த மேட்டில் தராசை வைத்தார். எங்கள் ஊர்க் கிழவிகள் பழக்கத்தில் தராசைப் பார்த்து முழங்கால் போட்டுச் சிலுவை வரைந்தார்கள். அவர் பதறி எழுந்துவிட்டார்.

"நான் எடை போடுறவன் தாயி. எந்திரிங்க."

"ஒனக்கு யாரு போட்டா? எடத்துக்குப் போட்டேன்" என்றாள் ஒருத்தி.

மேலத்தெருவுக்கு அளந்து முடித்த பிறகுதான் எங்கள் பக்கம். அதற்குள் பீப்பாய் காலியாகிவிடும். எங்கள் வீட்டில் கரண்டு கிடையாது. மண்ணெண்ணெய் இல்லையென்றால் விளக்கு இல்லை. இரண்டு மாதம் இருட்டில் சாப்பிட்டோம். தம்பி சோற்றில் கை வைக்கப் பயந்து அழுவான்.

அந்தக் கடையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. அரிசி லாரி வந்தால் மூட்டை இறக்குவது கீழத்தெரு ஆட்கள், ஆணும் பெண்ணும். சின்ன வாசலில் மூட்டை நுழையாது. அதனால் தலையில் மூட்டை இருக்கிறவரை பெரிய வாசல். இறக்கிவிட்டால் சின்ன வாசல் வழியாக வெளியே போய்விட வேண்டும்.

மூன்றாவது மாதம் என் அம்மா அருளாயி வெறும் சாக்கு ஒன்றை மடித்துத் தலையில் வைத்தாள். ஒரு கையில் கேன், இன்னொரு கையில் நான். பெரிய வாசல் வழியாக உள்ளே போனாள். வரிசையில் நின்ற மேலத்தெருப் பெரியவர் மறித்தார்.

"ஏ அருளாயி, எங்க வர்ற?"

"மூட்டை தூக்கிட்டு வரேங்க."

"வெறுஞ் சாக்குல்ல அது?"

"தூக்குற தலை அதேதாங்க. இன்னிக்கி மூட்டை கொஞ்சம் லேசா இருக்கு."

யாரோ சிரித்துவிட்டார்கள். பெரியவர் கடைக்காரரைப் பார்த்தார். "நீங்க கேக்க மாட்டீங்களா?"

"எனக்குக் கார்டுதாங்க தெரியும். வாசல் ஒங்க ஊரு வெவகாரம்."

அம்மா மேலத்தெரு வரிசையில் கடைசி ஆளாக நின்றாள். யாரும் அவளுக்கு முன்னால் இடம் விடவில்லை, அவளும் நகரவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் விளக்கு எரிந்தது. அடுத்த மாதம் கீழத்தெரு முழுக்கத் தலையில் சாக்கோடு வந்து நின்றது.

மேலத்தெருவில் கூட்டம் போட்டு, இனி இவர்களை மூட்டைக்குக் கூப்பிடக் கூடாது என்று முடிவு செய்தார்கள். அடுத்த லாரிக்கு அவர்களே தூக்கினார்கள். நாலு மூட்டையோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். லாரிக்காரன் ஹாரன் அடித்தான். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. வேறு வழியில்லாமல் ஆள் அனுப்பினார்கள். எங்கள் தெருவே திரண்டு போனது. அம்மா முன்னால் போய் நின்றாள்.

"தூக்குறோம். மொதல்ல சுவர எடுத்துட்டுத் தூக்குறோம்."

யாரும் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் கடப்பாரை எடுத்தார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நானும் இரண்டு கல் சுமந்தேன். நான் சுமந்த முதல் கல் அதுதான்.

இப்போது அங்கே பால்வாடி நடக்கிறது. ரேஷன் கடை வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது. தராசு இல்லை, பீப்பாய் இல்லை, அம்மாவும் இல்லை. சின்ன வாசலை நானே கல் வைத்து அடைத்தேன். அம்மாவைத் தவிர வேறு எதை நினைத்தும் எனக்கு ஏக்கம் இல்லை.

போன மாதம் பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கிற ஒருவர் சென்னையிலிருந்து வந்தார். நல்ல மனிதர். சுண்ணாம்பு வேலைக்கு என்னைக் கூப்பிட்டார். கையில் ஒரு பழைய போட்டோ.

"நடுவுல ஒரு சுவர் இருந்திருக்கேம்மா. அதையும் எழுப்பிட்டா அசல் மாதிரியே இருக்கும்."

அது எதற்கு இருந்தது என்று சொன்னேன். அவர் போட்டோவை மறுபடி பார்த்தார்.

"இருந்தாலும் அது வரலாறும்மா. இருந்தது தெரியணும்ல?"

"தெரியணும்னா எழுதி மாட்டுங்க சார். புள்ளைங்க நடுவுல கட்டாதீங்க. நான் கட்ட மாட்டேன்."

செந்துறையிலிருந்து வேறு கொத்தனாரைக் கூட்டி வருவதாகப் பேச்சு. வரட்டும். வளைவைச் சரி பண்ணட்டும், பூச்சைப் பூசட்டும். இருந்தது தெரிய வேண்டும் என்றாரே, அதற்காகத்தான் இதை எழுதினேன். எழுதியாகிவிட்டது. இனி அந்தச் சுவருக்கு வேலை இல்லை. மீறி ஒரு கல் வைத்தால் அன்றைக்கே எடுப்பேன்.