தண்ணீர் இன்னும் சூடாக இருக்கிறதா

கடல் நிலவர அலுவலகத்தில் அவளுக்குச் சுழி அக்கா என்று பெயர். நாங்கள் வைத்ததுதான். கடலில் ஓடும் வெப்ப நீரோட்டத்திலிருந்து பெரிய பெரிய சுழல்கள் பிய்ந்து, வெப்பத்தைச் சுமந்துகொண்டு துருவப் பக்கத்துக் குளிர்ந்த கடலுக்குள் நகரும். போகிற வழியெல்லாம் சூட்டைக் கொடுத்துக் கொடுத்துக் கடைசியில் ஒன்றுமில்லாமல் போகும். இதைப் பேச ஆரம்பித்தால் டீ ஆறிப்போவதுகூட அவளுக்குத் தெரியாது. "ஊருக்கெல்லாம் குடுத்துட்டு ஓட்டாண்டியாப் போறது அப்படியே உன்னை மாதிரிதான்க்கா" என்று அவள் தம்பி கிண்டல் செய்வான். சின்னப் படகில் தனியாகப் போய் மீன் பிடிக்கிறவன்.

அந்தப் படகுதான் எஞ்சின் நின்று, ரேடியோவும் அடங்கி, காணாமல் போனது.

தேடப்போன கப்பலுக்கு வரைபடம் கொடுத்தது அவளேதான். எங்கள் வழக்கப்படி பல நாள் கடல் வெப்ப அளவுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்து வரைந்தாள். நாளுக்கு நாள் இடம் மாறுகிற சுழல் சராசரியில் கரைந்துபோகும், தெரியாது. படத்தில் நீரோட்டம் நேராக ஓடியது. கப்பலும் நேராகப் போய் வெறுங்கையோடு நின்றது. வருஷக்கணக்காகச் சுழலையே கட்டிக்கொண்டு அழுதவளுக்கு அந்த நேரத்தில் புத்தி எங்கே போனதென்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது. பதற்றத்தில் கை பழகியதைச் செய்துவிட்டது, வேறென்ன.

மறுநாள் காலையில் அந்தந்த நாள் அளவுகளைத் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தாள். படகு கடைசியாகப் பேசிய இடத்திலிருந்து ஒரு வெப்பச் சுழல் பிரிந்து குளிர்ப்பக்கம் போயிருந்தது. ரேடியோவில் கப்பல் கேப்டனைக் கூப்பிட்டாள்.

"சார், நான் தப்பா வரைஞ்சு குடுத்துட்டேன். திரும்புங்க சார், உங்க கால்ல விழறேன்."

கேப்டன் திட்டவில்லை. கப்பலைத் திருப்பினார். மதியம் அவர் குரல் வந்தது.

"படகு கிடைச்சிருச்சும்மா. நீங்க சொன்ன சுழல்லதான், கவுந்து கிடக்கு. ஆள் இல்லை."

"லைஃப் ஜாக்கெட்?"

"அதுவும் இல்லை."

அப்படியென்றால் அதைப் போட்டுக்கொண்டு எங்கோ மிதக்கிறான். வெதுவெதுப்பான நீரில் ஆள் கொஞ்சம் தாக்குப்பிடிப்பான். குளிர்நீரில் சீக்கிரம் முடிந்துவிடும். சுழலோ சூட்டை இறக்கிவைத்துக்கொண்டே குளிருக்குள் போகிறது. இத்தனை காலம் அதை மெச்சிப் பேசியவள், திரையில் தெரிந்த சிவப்பு வட்டத்தைப் பார்த்து, "குடுக்காதே, கொஞ்சம் வெச்சுக்கோ" என்று கெஞ்சினாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

பொழுது சாயும்போது மறுபடி ரேடியோவை எடுத்தாள். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சார், தண்ணி இன்னும் சூடா இருக்கா?"

கேப்டன் மறுபடி தண்ணீரை அளந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மத்தியானம் இருந்த சூடு இல்லம்மா."